எதிரொளிப்புத் தத்துவம் லாப்லாஸ் சமன்பாட்டைத் தாண்டுமா?

நிலவன்: எல்லையில் பூச்சியமாகும் தீர்வைக் குறி மாற்றி மறுபுறம் நீட்டலாம் என்று லாப்லாஸ் சமன்பாட்டுக்குச் சொல்லும் ஷ்வார்ட்ஸின் எதிரொளிப்புத் தத்துவம், டைவர்ஜென்ஸ் வடிவ (பாய்வின் விரிவாக எழுதத்தக்க) நீள்வட்டச் சமன்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எல்லை வளைந்திருந்தால் ஆயங்களை மாற்றி நேராக்குங்கள், குணகங்களையும் அதற்கேற்ப நீட்டுங்கள். வேலை முடிந்தது.

கயல்: முடியவில்லை. நீங்கள் நீட்டியது வேறொரு சமன்பாட்டின் தீர்வு. ஓரலகு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாப்லாஸ் சமன்பாட்டுக்கு ஆரத்தின் மடக்கை ஒரு தீர்வு. வட்டத்தில் பூச்சியம், ஆரத்தின் தலைகீழியைப் போட்டால் குறி மட்டும் மாறும். அழகு! இப்போது அலைகளுக்கான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டுக்கு, வட்ட அலைகளுக்குரிய இருவகைப் பெசல் சார்புகளைக் கலந்து அதே வட்டத்தில் பூச்சியமாகும் தீர்வை அமையுங்கள். வட்டத்துக்கு வெளியே அது அலையலையாக எண்ணற்ற முறை பூச்சியமாகிறது. உள்ளே மையம்வரை எத்தனை முறை என்று எண்ணி முடித்துவிடலாம். பிறகு எந்த உள்புள்ளி எந்த வெளிப்புள்ளியின் பிம்பம்? பூச்சியமாகாத பெருக்கு காரணி எதைச் சேர்த்தாலும் கணக்கு ஒட்டாது.

நிலவன்: எனக்குத் தேவை எல்லைவரை தீர்வின் தொடர்ச்சி. நீட்டிய குணகங்கள் எல்லையில் தாவட்டும். வரம்புக்குள் இருந்து, நீள்வட்டத் தன்மை குலையாமல் இருந்தால் 1957இல் வந்த டி ஜியார்ஜியின் தேற்றம் ஹோல்டர் தொடர்ச்சியை (மாற்றம் தூரத்தின் ஓர் அடுக்குக்குள் அடங்கும் தொடர்ச்சியை) தந்துவிடுகிறது. எல்லைச் சிக்கல் உட்புறச் சிக்கலாகிவிட்டதே! அதே சமன்பாடுதான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

கயல்: சிதறும் அலையைக் கணிப்பவர்கள் தடைப்பொருளுக்குள் கற்பனை மூலங்களை வைக்கிறார்கள். அந்த அலையை உள்ளே நீட்டினால் எங்கே வெடிக்கிறது என்று தெரியாமல் வைத்தால் கணக்கு கெட்டுப்போகும். மாற்றிய சமன்பாடு அந்த இடத்தைக் காட்டாது.

செழியன்: இடையே ஒன்று. இரு மாறிகளில், பகுமுறைக் குணகங்கள் (அடுக்குத் தொடராக விரிபவை) உள்ள இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளுக்கு ஹான்ஸ் லூயி 1959இல் எதிரொளிப்பு விதிகள் தந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கும் வளைந்த எல்லையில் விதி உண்டு: பிம்பப் புள்ளியின் மதிப்போடு, அந்தப் பிம்பப் புள்ளியிலிருந்து எல்லைவரையான பாதையில் ஒரு தொகையீடும் சேரும். கயல் சொன்ன பூச்சியக் கணக்கு அதைத் தொடாது.

நிலவன்: பகுமுறைக் குணகங்கள்! நான் கையாள்பவை வெறும் அளவிடத்தக்க குணகங்கள், தொடர்ச்சிகூடத் தேவையில்லாதவை. அங்கே லூயியின் விதி நுழையவே முடியாது. குறி மாற்றி நீட்டுவதுதான் கைகொடுக்கும்.

கயல்: அப்படியென்றால் 'பொருந்தும்' என்பதை எல்லைத் தொடர்ச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முப்பரிமாணத்தில் லாப்லாஸ் சமன்பாட்டுக்கே, தளமும் கோளமும் தவிர்த்த பரப்புகளில் பிம்பப் புள்ளியின் மதிப்பை மட்டும் வைத்துச் சொல்லும் புள்ளிக்குப் புள்ளி விதி கிடையாது.