பாஸ்பேட் 0.03 தாண்டினால் தொட்டி போச்சாம்!

கடல்ராசா:
"பாஸ்பேட் 0.03 பிபிஎம்-ஐத் தாண்டினா உடனே ஜிஎஃப்ஓ போட்டு பூஜ்யத்துக்கு இறக்குங்க" என்று பக்கத்துத் திரியில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற ஒரு புதுப் பையனுக்கு அலைவாய் அறிவுரை கொடுத்திருக்கிறார். படித்ததும் பத்திக்கிட்டு வந்தது. அவன் ஜிஎஃப்ஓ என்கிற இரும்பு ஆக்ஸைடுக் குருணையைக் கொட்டி, பாஸ்பேட்டைத் துடைத்தெடுத்து, மணல் முழுக்க பழுப்புச் சளியாக டைனோ என்கிற நுண்ணுயிர் படர்ந்தால் யார் போய்க் கழுவுவது? என் தொட்டியில் நைட்ரேட் 10 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பாஸ்பேட் 0.1. அக்ரோபோரா என்கிற கல்பவளத்தின் நுனி வெள்ளை வெளேரென்று வளர்கிறது.

அலைவாய்:
வந்துட்டாரு. 0.03 நான் கண்டுபிடிச்ச எண் இல்ல சார். பாஸ்பேட் ஏறினா பவளம் சுண்ணாம்புக்கூடு கட்டுறது தடைபடும். ஆஸ்திரேலியாவுல ஒன் ட்ரீ தீவுத் திட்டுல உரம் விட்டுப் பார்த்து, சுண்ணாம்பு சேர்றது பாதிக்கு மேல குறைஞ்சுதுன்னு கின்ஸி, டேவிஸ்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1979-லயே எழுதிட்டாங்க. பவளத்திட்டுத் தண்ணியில பெரும்பாலும் 0.03-க்கும் கீழதான். கடலைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

கடல்ராசா:
அங்கே பாஸ்பேட்டோடு நைட்ரஜனையும் சேர்த்துத்தான் விட்டார்கள். அதை ஏன் முழுங்குகிறீர்கள்? கடலில் எண் குறைவுதான், ஆனால் மிதவையுயிர் ஓயாமல் பவளத்தின் வாய்க்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் தொட்டியில் எது வருகிறது? 2013-ல் சௌதாம்டன் பல்கலைக்கழகத்து வீடன்மன் குழு சொன்னதையும் படியுங்கள்: நைட்ரேட் ஏறி பாஸ்பேட் பஞ்சம் வந்தால் பவளம் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்காமல் வெளுக்கிறது. பவளத்தின் உடலுக்குள்ளே இருக்கிற பாசிக்குச் சாப்பாடு வேண்டாமா?

நெத்திலி:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். நீங்க பேசுறது பாஸ்பரஸா பாஸ்பேட்டா? சில செக்கர் மீட்டர் பாஸ்பரஸைத்தான் பிபிபி-யில, அதாவது பிபிஎம்மோட ஆயிரத்துல ஒரு பங்குல, காட்டும். அதுல 30 வந்தா பாஸ்பேட்டா மாத்த 3.066-ஆல பெருக்கணும், பாஸ்பேட் 0.092 பிபிஎம். அப்படிப் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னுக்கிட்டுக்கூட சண்டை போடலாம்.

அலைவாய்:
0.03-ன்னா 0.03. இதுல பெருக்கல் எதுக்கு?

கொளத்தூரான்:
அட போங்கப்பா. வாரம் 20 சதவீதம் தண்ணி மாத்து, வேலை முடிஞ்சுது. எந்த டெஸ்ட் கிட்டும் வாணாம்.

கடல்ராசா:
தம்பி, 20 சதவீதம் மாற்றினால் 50 நைட்ரேட் 40 ஆகும், அவ்வளவுதான். அடுத்த வாரத்துக்குள் தீனி போட்டே அதை ஏற்றிவிடுவாய். பாஸ்பேட் அதைவிட மோசம். பாறையும் மணலும் குடித்து வைத்திருக்கும், தண்ணீரில் குறைந்ததும் கக்கிவிடும். உறையவைத்த தீனியைக் குறை, நுரையாக அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரை ஒழுங்காகக் கழுவு, சம்ப் என்கிற கீழ்த்தொட்டியில் கீட்டோ பாசி வளர்த்து வெட்டி எடு. மெதுவாக இறக்கு. ஒரே நாளில் ஜிஎஃப்ஓ கொட்டி 0.03-க்கு இழுத்தால் அந்த அதிர்ச்சியிலேயே பவளத்தின் சதை உரிந்துவிடும். இதைத்தான் அலைவாய்க்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அலைவாய்:
மெதுவா இறக்கணும்னு பாடம் எடுக்கிறது யாருன்னு பாருங்க! போன வருஷம் இதே இடத்துல வோட்கா ஊத்தினா நைட்ரேட் இறங்கும்னு சொன்னது இந்த மகான்தான். ஊத்தினேன். பாக்டீரியா பெருகி தண்ணி கஞ்சி மாதிரி ஆச்சு, விடியறதுக்குள்ள ஆக்ஸிஜன் இல்லாம என் டாங் மீன் செத்துப்போச்சு. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல.

கடல்ராசா:
ஸ்கிம்மர் ஓடாத தொட்டியில் ஊற்றாதே என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். நீங்கள் படித்தது இரண்டாவது வரியிலிருந்து.

அலைவாய்:
சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு அக்ரோபோரா கதை சொல்றது சுலபம். இங்க இந்தியாவுல கல்பவளம் எல்லாம் 2001-லேர்ந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. தொட்டாலே கேஸு. நாங்க வச்சிருக்கிறது சோவாந்து, மஷ்ரூம்னு மென்மையான பவள வகைங்கதான்.

கடல்ராசா:
அப்படி வாங்க வழிக்கு! சோவாந்தும் மஷ்ரூமும் சுண்ணாம்புக்கூடே கட்டாது. பிறகு கின்ஸி எதற்கு, டேவிஸ் எதற்கு? அந்த இரண்டும் கொஞ்சம் அழுக்குத் தண்ணீரில்தான் கொழுக்கும். அந்தப் பையனும் சோவாந்துதான் வைத்திருக்கிறான். அவனை எதற்கு 0.03-க்குத் துரத்துகிறீர்கள்?

நெத்திலி:
நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. எந்த மீட்டர்ல பார்த்தீங்க?

கொளத்தூரான்:
சோவாந்த நம்ம கடையில கூட நல்லாத்தான் கீது, எந்த எண்ணும் பாக்கல.

அலைவாய்:
கடைக்காரர் பேசாதீங்க. செத்தா இன்னொண்ணு விக்கலாம், உங்களுக்கு லாபம்தானே.

கொளத்தூரான்:
யாரப் பாத்து சொல்ற? எங்கிட்ட வாங்கின எது உங்கிட்ட செத்துச்சு, சொல்லு பாப்போம்!

கடல்ராசா:
அவரை விடு தம்பி. அலைவாய், உங்கள் 0.03 தொட்டியின் படத்தைப் போடச் சொல்லிப் போன தடவையே கேட்டேன். இன்னும் வரவில்லை. என் தொட்டிப் படம் என் ஒவ்வொரு பதிவின் அடியிலும் வரும் கையெழுத்திலேயே இருக்கிறது.

அலைவாய்:
அந்த நீல வெளிச்சப் படமா? நீல லைட்டுல செங்கல்லும் மின்னும். வெள்ளை லைட் போட்டு எடுத்துப் போடுங்க, அப்புறம் 0.1 பத்திப் பேசலாம்.

கடல்ராசா:
முதலில் நீங்கள் ஏதாவது ஒரு படத்தைப் போடுங்கள். எந்த வெளிச்சமானாலும் சரி.