7 மணி நேர ஒளிப்பதிவு 4 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது: எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

கேள்வி: தோட்டத்துப் பிள்ளை, ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதத்துக்குப் பின் இரண்டு வருடங்களாகப் படுக்கையில்தான் இருக்கிறார். ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்தவர். கடந்த மாசியில் நடந்த கடைசி இரவுக் கூத்தைத் தம்பி முழுமையாகப் பதிவு செய்தான். 7 மணி நேரம் நீளும் அந்தப் பதிவை நாங்கள் மட்டும் பார்க்கும்படி யூடியூப்பில் ஏற்றி, தொலைக்காட்சியில் செருகியிருக்கும் கூகுள் டிவி ஸ்டிக் வழியாக இரவு 10 மணிக்குப் போட்டுவிடுவோம். இடது கை விரல்களால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டே அப்பா தூங்கிவிடுவார்.

ஆனால் அதிகாலை 2 மணியானதும் திரை அணைந்துவிடுகிறது. சத்தம் நின்ற மறுகணமே அவர் விழித்து, பெரட்டுக்கு (காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூடுவதற்கு) நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். அதன் பிறகு விடியும் வரை தூக்கமில்லை. ஸ்கிரீன் சேவரை முற்றாக நிறுத்திப் பார்த்தேன், பயனில்லை. இது தவிர, சில இரவுகளில் நேரக்கணக்கே இல்லாமல் இடையில் நின்று, ஸ்டிக்கின் சின்னம் தோன்றி, முகப்புத் திரைக்கு வந்துவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: மின்திருத்துநர், நுவரெலியா

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலில் அந்த 4 மணி நேரத்தைப் பார்ப்போம்.

ஆண்ட்ராய்டு அடிப்படையில் இயங்கும் தொலைக்காட்சிச் சாதனங்களில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, எதுவும் ஓடாமல் சும்மா கிடக்கும்போது திரையை அணைப்பது. படம் ஓடும்போது செயலி சாதனத்தை விழித்திருக்கச் சொல்லிப் பிடித்துவைத்திருப்பதால் இந்தக் கடிகாரம் குறுக்கிடாது. மற்றது, ரிமோட்டை யாரும் தொடாமல் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டுமே எண்ணுவது. படம் ஓடுகிறதா, செயலி விழித்திருக்கச் சொல்கிறதா என்பதையெல்லாம் அது பொருட்படுத்தாது. நீங்கள் ஸ்கிரீன் சேவரை நிறுத்தியும் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுவே.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அண்ட் எனர்ஜி, அதற்குள் எனர்ஜி சேவர் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும்போது என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில்தான் 4 மணி நேரம் என்று இருக்கும். அதை அணைக்கவே வேண்டாம் என்று மாற்றுங்கள். உங்கள் பதிப்பில் அந்த வரி இல்லையென்றால், டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி மூலம் 'அட்டென்டிவ் டைம்அவுட்' என்ற மதிப்பை -1 ஆக மாற்றலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறப்பதற்கு, அபவுட் பக்கத்தில் பில்ட் என்ற வரியை ஏழு தடவை அழுத்த வேண்டும்.

இதோடு நின்றுவிடாதீர்கள். தொலைக்காட்சிக்கும் தனியாக ஒரு 4 மணி நேரக் கணக்கு இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த 642/2009 இலக்க ஒழுங்குவிதி, பயன்படுத்துபவர் கடைசியாகத் தொட்டதிலிருந்து 4 மணி நேரத்தில் தொலைக்காட்சி தானாகவே ஓய்வுநிலைக்குச் செல்ல வேண்டும் என்று கூறியது. அதே கணக்கை இங்கு விற்கும் தொலைக்காட்சிகளிலும் காண்கிறோம். ஈகோ அல்லது டைமர் பகுதியில் ஆட்டோ பவர் ஆஃப் என்று தேடி நிறுத்திவிடுங்கள்.

முதலில் அணைவது எது என்று தெரிய வேண்டுமானால், எச்டிஎம்ஐ சிஇசி வசதியை ஓரிரவு நிறுத்திவையுங்கள். ஸ்டிக்கும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று அணைப்பது அந்த வசதியால்தான். 2 மணிக்குத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் ஸ்டிக் அணைந்திருக்கிறது, தொலைக்காட்சியே இருண்டு கிடந்தால் கோளாறு அதனுடைய அமைப்பில் இருக்கிறது.

பதில்: கணினி ஆசிரியை, பதுளை

மேலே சொன்னதை ஏற்கிறேன். இடையில் சின்னம் தோன்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டிக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து என்றால், காரணம் பெரும்பாலும் அதுதான். யூஎஸ்பி 2.0 துளை நியமப்படி அரை ஆம்பியர்தான் தரும். நீண்ட நேரம் ஓடும் ஸ்டிக்குக்கு அது போதாமல் மறுதொடக்கம் ஆகிவிடும். அதனுடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் யாரும் தொடாமலிருந்தால் 'தொடர்ந்து பார்க்கிறீர்களா?' என்று யூடியூப்பே கேட்டு நிறுத்துவதுண்டு. அது செயலி கேட்பது என்பதால் ஸ்டிக்கின் எந்த அமைப்பும் அதைத் தடுக்காது. உங்கள் சொந்தப் பதிவு கையில் இருக்கும்போது இணையத்தை ஏன் நம்ப வேண்டும்? விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் 7 மணி நேரத்துக்கு 6.3 ஜிபி டேட்டா ஒவ்வோர் இரவும் செலவாகிறது. பதிவைப் பென் டிரைவில் ஏற்றி விஎல்சி என்ற செயலியில் ஓடவிடுங்கள். ஃபேட்32 என்ற வடிவில் அமைந்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது என்பதால் அதை இரண்டாக வெட்டி, அடுத்தடுத்து ஓடும்படி வரிசையில் வையுங்கள். ஸ்டிக்கில் ஒரே துளைதான் என்றால், மின்சாரமும் கொடுக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்று தேவைப்படும்.

அப்பாவுக்குச் சத்தம் மட்டும் போதுமென்றால், தொலைக்காட்சியில் படத்தை மட்டும் அணைக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அறை இருட்டாக இருந்தால் அவருக்கும் நல்லது.

மறுமொழி: தோட்டத்துப் பிள்ளை, ஹட்டன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிஇசியை நிறுத்திப் பார்த்தபோது 2 மணிக்குச் 'சிக்னல் இல்லை' என்றே வந்தது. எனர்ஜி சேவரில் இரண்டாவது வரியை மாற்றினேன். மறுநாள் இரவு 2 மணியைத் தாண்டியது, ஆனால் சில நிமிடங்களில் தொலைக்காட்சியே அணைந்தது. அதன் ஆட்டோ பவர் ஆஃபும் 4 மணி நேரத்தில்தான் இருந்தது, அதையும் நிறுத்திவிட்டேன். அடாப்டரைச் சுவருக்கு மாற்றிய பிறகு நான்கு இரவுகளாகச் சின்னம் தோன்றவில்லை. பென் டிரைவுக்கான ஹப்பை ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகும்போது வாங்குவேன்.

நேற்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காமனை எரித்த பின் ரதி ஒப்பாரி வைக்கும் இடம் 4 மணிக்கு மேல்தான் வருகிறது. இத்தனை நாளும் அப்பா அதைக் கேட்டதே இல்லை. கண்ணை மூடியபடியே "தப்பு கொஞ்சம் வேகமாகப் போகிறது" என்றார்.