புதுப்பிப்பு: மோட்டார் டிஷ் இப்போது இரு ஓரங்களையும் பிடிக்கிறது

பல செயற்கைக்கோள்களைப் பிடிக்க மோட்டாரால் கிழக்கு மேற்காகத் திரும்பும் என் டிஷ்ஷில், நடுவில் உள்ள செயற்கைக்கோள்கள் நன்றாக வருகின்றன, கிழக்கு, மேற்கு ஓரங்களில் மட்டும் சிக்னல் விழுந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது. டிஷ்ஷைத் தாங்கும் கம்பம்தான் காரணம்.

ரசமட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்திருந்தேன். 90 டிகிரி தள்ளி வைத்தபோது சாய்வு தெரிந்தது. கம்பத்தை நிமிர்த்திவிட்டு, என் தீர்க்கரேகைக்கு மிக அருகில் உள்ள செயற்கைக்கோளில் மறுபடி தொடங்கினேன்.

அப்புறம் ஓர் எளிய சோதனை. ஓரத்துக்குப் போனதும் டிஷ்ஷின் விளிம்பைக் கையால் லேசாக மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் சிக்னலைப் பாருங்கள். இரு ஓரங்களிலும் ஒரே திசையில் நகர்த்தும்போது சிக்னல் கூடினால் ஏற்றக் கோணம் (டிஷ் வானை நோக்கி நிமிரும் கோணம்) தவறு. ஓர் ஓரத்தில் மேலே தூக்கும்போதும் மற்றதில் கீழே அழுத்தும்போதும் கூடினால், மொத்த அமைப்பையும் கம்பத்தில் சற்றே திருப்ப வேண்டும். எனக்கு இரண்டாவது வகை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் திருப்பினேன், மேற்கு ஓரம் உடனே உயிர் பெற்றது! அந்த நிமிடத்தை மறக்கவே முடியாது.

எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) தனியாகச் சாய்க்காதீர்கள். மோட்டாரே டிஷ்ஷோடு சேர்த்து அதைச் சாய்த்துவிடும். ரிசீவரில் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியாகக் கொடுத்தால் அதிலுள்ள யூசால்ஸ் (ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் மோட்டார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்கிடும் வசதி) மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

13 வோல்ட்டில் மோட்டார் மெதுவாக நகர்வது இயல்புதான், 18இல் வேகம் கூடும். அது பழுதல்ல. அடுத்து, கேபிள் இணைப்புகளுக்கு மழை புகாத உறை போடப் போகிறேன்.