லீட்ஸ் பக்கம் பீப்பாய் ஏல்: எந்த பப்புக்குப் போகலாம்?

கோவைக்காரன்:
அக்டோபரில் அலுவலக வேலையாக இங்கிலாந்தில் லீட்ஸ் வருகிறேன். ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடைக்கும். ஊர்க்காரர்கள் போகிற பழைய பப்பில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து ஏலை, அதாவது பீப்பாயிலிருந்து ஊற்றும் அவர்களுடைய பாரம்பரிய பீரை, குடித்துப் பார்க்க ஆசை. "வெதுவெதுன்னு இருக்கும், வாயில வைக்க முடியாது" என்று நண்பர்கள் கிளப்பிவிடுகிறார்கள். நான் சைவம் வேறு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னைன்வாசி:
வெதுவெது என்பதெல்லாம் ஐஸில் புதைத்தெடுத்த லாகர் (நம் ஊரில் கிடைக்கிற மாதிரி பீர்) குடித்துப் பழகியவர்கள் பேச்சு. நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைத்திருப்பார்கள். அதைவிடக் குளிர்ந்தால் மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசனை அமுங்கிப் போகும். பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும், கடைசிக் கட்டம் நொதிப்பது பப்பின் நிலவறையில்தான். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை, கைப்பம்பால் இழுத்துத்தான் ஊற்றுவார்கள்.

இதில் ஒரு சிக்கல். திறந்த பீப்பாய் மூன்று நாளில் காலியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். அதனால் பத்துப் பன்னிரண்டு பம்பு வைத்துக்கொண்டு ஈயோட்டும் கடையைவிட, மூன்றே பம்பு வைத்துக் கூட்டம் மொய்க்கும் கடைதான் என் கணக்கில் நல்ல கடை. வினிகர் வாடை அடித்தால் தயங்காமல் கவுண்டரில் திருப்பிக் கொடுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

லீட்ஸில் பிரிகேட் தெருவை ஒட்டிய சந்துக்குள் ஒயிட்லாக்ஸ் இருக்கிறது. 1715இல் தொடங்கியது. ஒடுங்கிய நீள அறை, ஓடு பதித்த கவுண்டர், பித்தளை, பழைய கண்ணாடிகள். சனி மாலை நிற்கவே இடம் கிடைக்காது, மதியமே போய்விடுங்கள். மறுநாள் ரயிலேறி கீத்லி என்ற ஊருக்குப் போங்கள். திமோத்தி டெய்லர் கம்பெனியின் லேண்ட்லார்டு என்கிற ஏல் அந்த ஊர்ச் சரக்கு. போல்ட்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ் என்று குட்டியாக ஒரு பப், அங்கே குடியுங்கள். லண்டனிலும் அதே பீர் கிடைக்கும், ஆனால் இங்கே பம்பு நுனியில் துளைபோட்ட மூடி மாட்டி, மேலே கெட்டி நுரை நிற்கிற மாதிரி ஊற்றுவார்கள். தெற்கு இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்த நுரை ஆகாது. அவர்களோடு இதைப் பற்றி மட்டும் பேசிவிடாதீர்கள், கடை மூடுகிற வரை விடமாட்டார்கள்.

ஷெஃபீல்டுக்காரி:
தம்பி, சைவம் என்றால் கவனம். பீர் தெளிவதற்கு ஐசிங்ளாஸ் சேர்ப்பது பழைய வழக்கம். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. அது சேர்க்காத ஏலும் இப்போது நிறையவே வருகிறது, கொஞ்சம் கலங்கலாக இருக்கும், அவ்வளவுதான். "வீகனா?" என்று கேட்டாலே போதும். கொறிக்கக் கிடைக்கும் போர்க் ஸ்க்ராச்சிங்ஸ் பன்றித் தோல், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மேசைக்கு யாரும் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், கவுண்டருக்கு நீங்கள்தான் போகணும். முழு பைன்ட் 568 மில்லி. அரை பைன்டாக வாங்கினால் நாலைந்து வகை பார்க்கலாம். எதுவென்று முடிவு செய்ய முடியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். நேரமிருந்தால் ஷெஃபீல்டு வாங்க, ரயில் நிலையத்துப் பழைய சிற்றுண்டி அறையையே ஷெஃபீல்டு டேப் என்று பப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

கோவைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி சார். தனியாகப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பென்னைன்வாசி:
பார்க்க மாட்டார்கள். பேச்சுத் துணை வேண்டுமென்றால் மேசையை விட்டுவிட்டுக் கவுண்டர் ஓரமாக நில்லுங்கள். மழையைப் பற்றி யாராவது ஆரம்பிப்பார்கள். அவர் உங்களுக்கு ஒன்று வாங்கித் தந்தால் அடுத்த ரவுண்டு உங்களுடையது, அதில் மட்டும் நழுவக் கூடாது.