பெங்களூர்: 3,000 ரூபாய்க்குள்ள மீன் தொட்டி எப்படி வாங்குறது?

கேள்வி (கே.ஆர்.புரம்): வாடகை வீடு, போர்வெல் தண்ணி. கடையில உருண்டைக் கிண்ணமும் ரெண்டு கோல்டுஃபிஷும் போதும்ங்கிறாங்க. வாங்கலாமா?

அல்சூர்வாசி: வேண்டாங்க. கோல்டுஃபிஷ் அரை அடிக்கு மேல வளரும், கழிவும் அதிகம். 2×1×1 அடி தொட்டி வாங்குங்க, 54 லிட்டர் பிடிக்கும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் விசாரிங்க. பழைய தொட்டின்னாலும் சரிதான். ஆனா அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு, விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்க. கண்ணாடிகளை ஒட்டுற சிலிகான் பசையில கசிவு இருந்தா பேப்பர்ல ஈரம் காட்டிக்கொடுத்துடும். மண், கல்லோட 70 கிலோ வரும், ஸ்டாண்ட் உறுதியா இருக்கணும்.

தொட்டிப்பிரியன்: ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் போதும், விலையும் கம்மி. பம்ப்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லன்னா டியூப்ல நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்க. கரண்ட் போனா தண்ணி பின்னாடி ஏறி பம்ப் கெட்டுடும். முக்கியமா, அன்னைக்கே மீன் விடாதீங்க! மீன் கழிவுல வர்ற விஷமான அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா ஸ்பாஞ்ச்ல வளர 4–6 வாரம் ஆகும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்க. டெஸ்ட் கிட்ல பார்த்து, அம்மோனியா, அது சிதைஞ்சு வர்ற நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் ஆனதும் மீன் விடலாம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, அதுல குளோரின் இருந்தா பாக்டீரியாவைக் கொன்னுடும். தொட்டியில எடுத்த தண்ணியிலயே பிழியுங்க.

ஜெயநகர் அக்கா: போர்வெல் தண்ணி கடினத் தண்ணின்னா (சுண்ணாம்புச் சத்து அதிகம்னா) கப்பி, பிளாட்டி மீன்கள் நல்லா வரும் தம்பி. நியான் டெட்ரா வேண்டாம். கப்பியில ஆண் மட்டும் 6 வாங்குங்க, பெண் சேர்ந்தா குட்டி பெருகிடும். டிசம்பர் குளிருக்கு 50 வாட் ஹீட்டர். வாரம் கால்வாசித் தண்ணி மாத்துங்க.