தோட்டத் திடலுக்குக் கொள்கலன் பார்வையாளர் மேடை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் திடலில் தீபாவளியை ஒட்டிப் பந்து விளையாட்டுப் போட்டி நடக்கும். தாத்தா பாட்டிமார் வெயிலில் நின்றேதான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்னப் பார்வையாளர் மேடை கட்ட ஆசை.

2022 உலகக் கிண்ணத்துக்குத் தோஹாவில் கட்டிய 974 அரங்கத்திலிருந்துதான் இந்த யோசனை வந்தது. அதில் இருப்பவை 974 கப்பல் கொள்கலன்கள். கத்தார் நாட்டுத் தொலைபேசிக் குறியீடும் அதுவே. கழற்றி வேறிடம் கொண்டுபோகும்படி வடிவமைத்தார்கள். குளிர்சாதனமும் இல்லை, இடைவெளிகள் வழியே காற்று வரும். ஆனால் இருக்கைகளின் பாரத்தைத் தாங்குவது எஃகுச் சட்டகம். கொள்கலனின் பலம் நான்கு மூலைத் தூண்களில்தான். கூரைத் தகடு மெல்லியது. அதன்மேல் ஆட்களை உட்கார வைக்க எனக்குப் பயம்.

மேடையைத் திடலின் மேற்கில் வைக்கிறோம், மாலை வெயில் முதுகுப் பக்கம் போகும். அது முடிவாகிவிட்டது.

இரண்டு பழைய 20 அடிக் கொள்கலன்கள் கிடைக்கும் போலிருக்கிறது. வெறும் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். மழை பெய்தால் எங்கள் மண் சேறாகிவிடும், அடித்தளம் எப்படிப் போடுவது? பக்கச் சுவரை வெட்டித் திறந்தால் எங்கே இரும்பு வைத்து வலுப்படுத்த வேண்டும்? அப்புறம், நகராண்மைக் கழக அனுமதிக்குப் பொறியாளர் கையெழுத்து வேண்டுமா? ஈப்போ பக்கம் கட்டுமானப் பொறியாளர் யாராவது ஒரு நாள் வந்து பார்த்தால் பெரிய உதவி. சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.