வோல்ட் (மின்னழுத்தம்), ஆம்பியர் (மின்னோட்டம்) நேரில் புரிந்த நிமிடம்: உங்கள் அனுபவம்?

தெம்பனிஸ் அம்மா
பள்ளி லீவுல மலேசியாவுல ஜோகூர் குலாய் பக்கம் போயிருந்தோம். மகன் தொடக்கநிலை ஐந்து, பேட்டரி-பல்பு பாடம் இப்பதான் முடிச்சிருக்கான். நம்ம சிங்கப்பூர்ல மின்கம்பியெல்லாம் மண்ணுக்கடியில போறதால, அங்க கம்பியில வரிசையா மைனா உட்காந்திருக்கிறது அவனுக்குப் புதுசு. ஷாக் அடிக்காதான்னு கேட்டான். ரெண்டு காலும் ஒரே கம்பியில, நடுவுல மின்னழுத்த வேறுபாடு இல்லாத மாதிரிதான், அதனால உடம்புக்குள்ள மின்னோட்டம் ஓடாதுன்னு எங்கப்பா சொன்னாரு. கொஞ்சம் யோசிச்சிட்டுக் கேட்டான் பாருங்க: “அப்ப வோல்ட்டுங்கிறது கம்பியில இல்லையா தாத்தா? ரெண்டு இடத்துக்கு நடுவுலதான் இருக்கா?” அப்பா காரை ஓரங்கட்டிட்டாரு. இன்னும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகல.

தோ பாயோ வயர்மேன்
தம்பி கேட்டது நூத்துக்கு நூறு சரி. வோல்ட் அளக்குற மீட்டருக்கு ரெண்டு முனை இருக்கிறதே அதுக்குத்தான்.
பழைய புளோக் ஒண்ணு. ஹீட்டர் போட்டா குழாய் சுருக்குனு இழுக்குதுன்னு ஒரு பாட்டி கூப்பிட்டாங்க. குழாய்ல, மின்சாரம் இருக்கான்னு காட்டுற டெஸ்ட் பென் வெச்சேன், உள்ள விளக்கு எரிஞ்சது. அன்னிக்குக் காலையிலயும் அந்தக் குழாயைத் திறந்துதான் குளிச்சிருக்காங்க! கசியிற மின்சாரத்தை மண்ணுக்குள்ள இறக்குற எர்த் வயர் அறுந்து கிடந்தது, கசிவு வந்தா தானா மின்சாரத்தை வெட்டுற ஆர்சிசிபியும் இல்ல. ரப்பர் செருப்போட குளிக்கிற பழக்கம்தான் காப்பாத்தியிருக்கணும். போற மின்னோட்டத்துக்கும் திரும்புற மின்னோட்டத்துக்கும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தா ஆர்சிசிபி வெட்டிடும். 1985 ஜூலைக்கு முந்தின வீடுகளுக்கும் 2025 ஜூலை 1லிருந்து அது கட்டாயம். வோல்ட் கொல்லாது, ஆம்பியர்தான் கொல்லும்.

ஈசூன்வாசி
வயர்மேன் அண்ணே, கடைசி வரியை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கார் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியர் தரும். உலர்ந்த கையால ரெண்டு முனையையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணும் தெரியாது. 12 வோல்ட்டால தோலோட தடையை மீறித் தள்ள முடியல. அதே கை ஈரமா இருந்தா தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கும், 230 வோல்ட் அதுல 230 மில்லிஆம்பியரைத் தள்ளும். வோல்ட் இல்லாம ஆம்பியர் எங்கேயிருந்து வரும்?
என் கதை: டிசம்பர்ல தென்கொரியாவுல சோல் நகரம். கார்ப்பெட்ல நடந்து போய்க் கதவுப் பிடியில விரலை நீட்டினேன், நீலமா ஒரு பொறி. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே கிட்டத்தட்ட 3,000 வோல்ட் வேணும். ஆனா உடம்புல சேர்ந்திருந்த மின்னூட்டம் துளிதான், உடனே தீர்ந்துபோச்சு. நம்ம ஊர் ஈரக் காத்து அதை அவ்வளவா சேர விடாது.

கடலோரம்
ஈஸ்ட் கோஸ்ட்ல சைக்கிள்ல போறப்ப மேகம் கறுத்து, கை முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு. அவ்வளவுதான் கதை. மேல மேகத்துல மின்னூட்டம் குவிஞ்சா நம்ம மேல எதிர் மின்னூட்டம் தூண்டப்படும், மின்னல் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம்.
தயவுசெஞ்சு எல்லாரும் கேளுங்க. மரத்தடியில ஒதுங்காதீங்க. மின்னல் இறங்கின இடத்திலிருந்து தள்ளிப் போகப் போகத் தரையில மின்னழுத்தம் குறையும். காலை அகட்டி நின்னா ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் வேறுபாடு வந்துடும், மின்னோட்டம் உடம்பு வழியாப் பாயும். மாடுகளுக்கு முன்னங்கால், பின்னங்கால் தூரம் அதிகம், அதான் மந்தையாச் சாகுது. தரையில படுக்கவும் கூடாது. இடி கேட்டதும் கட்டடத்துக்குள்ள போங்க, இல்ல கண்ணாடி ஏத்தின காருக்குள்ள. கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் பிள்ளைகளை வெளிய விடாதீங்க. நாலு பக்கமும் திறந்த கொட்டகையை நம்பாதீங்க.

தோ பாயோ வயர்மேன்
ஈசூன் தம்பி, தள்ளுறது வோல்ட்தான், அதுல சண்டை இல்ல. ஆனா வீட்டுல 230ஐ நம்மால குறைக்க முடியாது. கசியிற மின்னோட்டத்தைக் கண்டு வெட்டுறது மட்டும்தான் முடியும். ஆர்சிசிபியில ‘டெஸ்ட்’ பட்டன் இருக்கும், அப்பப்ப அழுத்திப் பாருங்க. ஸ்விட்ச் கீழ விழலைன்னா உடனே ஆள் கூப்பிடுங்க.